பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு செவிலியர்

அமெரிக்க மருத்துவமனைகளில் வார்டிலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும் சில ஆண்டுகள் பணியாற்றிய செவிலியர்களில் ஒரு பகுதியினர், பன்னிரண்டு மணி நேர ஷிப்டும் இரவு டியூட்டியும் பண்டிகை நாளில்கூட விடுப்புக் கிடைக்காத நிலையும் நோயாளிகளைத் தூக்கியும் புரட்டியும் வந்து சேர்ந்த முதுகுவலியும் போதும் என்று தோன்றும் ஒரு கட்டத்தில், பள்ளிச் செவிலியர் பணியின் பக்கம் திரும்புகின்றனர். பள்ளி மணியோடு தொடங்கிப் பிற்பகலில் முடிகின்ற, சனி ஞாயிறும் கோடை விடுமுறையும் உள்ள, சொந்தப் பிள்ளைகளின் பள்ளி நேரத்தோடு ஒத்துப்போகின்ற வேலை என்பதே இந்த மாற்றத்திற்கு வெளிப்படையாகச் சொல்லப்படும் காரணம். அது பொய்யான காரணம் அன்று. ஆயினும் அதை மட்டும் நம்பி வருபவர், முழங்கால் சிராய்ப்புக்குப் பிளாஸ்திரி ஒட்டுவதும் வயிற்றுவலி என்று வந்த பிள்ளையைச் சற்று நேரம் படுக்க வைப்பதுமே பள்ளிச் செவிலியரின் வேலை என்று எண்ணிக்கொண்டுதான் பெரும்பாலும் வருகிறார். மருத்துவமனை வார்டில் ஒரு நோயாளியின் நிலை திடீரென்று மோசமானால் சில நிமிடங்களில் மருத்துவரும் மூத்த செவிலியரும் சுவாச சிகிச்சையாளரும் கட்டிலைச் சூழ்ந்துவிடுவர். பள்ளியில் அதே நிலை ஏற்பட்டால், அந்தக் கட்டடத்தில் மருத்துவப் பயிற்சி பெற்றவர் என்று சொல்லத்தக்கவர் பெரும்பாலும் பள்ளிச் செவிலியர் ஒருவரே. கட்டிலருகே பழகிய செவிலியர் பள்ளிக்கு வரும்போது புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியவற்றில் பெரும்பகுதி இந்தத் தனிமையிலிருந்தே பிறக்கிறது.

பள்ளிக்குள் செவிலியர் நுழைந்த வரலாறே, பிள்ளைகளை வகுப்பிலிருந்து வெளியேற்றியதால் எழுந்த ஒரு சிக்கலில் தொடங்குகிறது. நியூயார்க் நகரச் சுகாதார வாரியம் 1897 முதல் பள்ளிகளுக்கு மருத்துவர்களை அனுப்பிப் பிள்ளைகளைப் பரிசோதித்து, தொற்று உள்ளவர்களை வீட்டுக்கு அனுப்பி வந்தது. கண்ணிமையின் உட்புறத்தைப் புண்ணாக்கிக் காலப்போக்கில் பார்வையையே பறிக்கக்கூடிய ட்ரக்கோமா, தலைப்பேன், படர்தாமரை, சிரங்கு ஆகியவையே அந்நாளில் பிள்ளைகள் வெளியேற்றப்பட்டதற்கான முதன்மைக் காரணங்கள். வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளையின் கையில் ஒரு சீட்டு இருக்கும். ஆனால் புலம்பெயர்ந்து வந்து நெரிசலான குடியிருப்புகளில் வாழ்ந்த, ஆங்கிலம் படிக்கத் தெரியாத பெற்றோருக்கு அந்தச் சீட்டு எதையும் சொல்லவில்லை. மருத்துவம் எதுவும் நடவாமல், வகுப்பில் உட்காரக் கூடாது என்று விலக்கப்பட்ட பிள்ளை மாலையில் தெருவில் அதே வகுப்புத் தோழர்களோடு விளையாடிக்கொண்டிருந்தது. இந்த முரணைக் கண்ட லிலியன் வால்ட், தாம் 1893-இல் நிறுவிய ஹென்றி ஸ்ட்ரீட் செட்டில்மென்ட் என்ற சேவை இல்லத்தின் செவிலியர்களில் ஒருவரான லினா ராஜர்ஸ் என்பவரை 1902 அக்டோபரில் நான்கு பள்ளிகளுக்கு ஒரு மாதச் சோதனையாக அனுப்பி வைத்தார். கனடாவில் பிறந்து மருத்துவமனையில் பயிற்சி பெற்றவரான லினா ராஜர்ஸ், சிறு தொற்றுகளுக்குப் பள்ளியிலேயே மருந்திட்டுப் பிள்ளையை அன்றே வகுப்புக்குத் திருப்பி அனுப்பினார். பள்ளி முடிந்தபின் வீடு வீடாகச் சென்று தாய்மார்களுக்குத் தலைவாரும் முறையிலிருந்து கண் கழுவும் முறை வரை செய்து காட்டினார். 1902 செப்டம்பரில் 10,567 ஆக இருந்த வெளியேற்றங்கள் அடுத்த ஆண்டு செப்டம்பரில் 1,101 ஆகக் குறைந்தன. லண்டனில் இதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே எமி ஹியூஸ் என்ற செவிலியர் ஏழைப் பிள்ளைகளின் ஊட்டத்தைக் கவனிக்கப் பள்ளிக்குச் சென்றிருந்தார் என்றாலும், நகராட்சியே சம்பளம் கொடுத்து நடத்தும் பணியாக இது வேரூன்றியதற்கு நியூயார்க் சோதனையின் வெற்றியே வழிவகுத்தது.

பள்ளிச் செவிலியரின் வேலையை அளக்கும் கோல் அன்று முதல் இன்று வரை மாறவில்லை: பிள்ளை வகுப்பில் இருக்கிறதா என்பதே அது. நோயாளி குணமாகி வீடு திரும்பியதை வெற்றி என்று கருதப் பழகிய மருத்துவமனைச் செவிலியருக்கு, வீட்டுக்கு அனுப்புவதைக் கூடுமானவரை தவிர்ப்பதே வெற்றி என்பது முதலில் தலைகீழாகத் தோன்றக்கூடும். தலைப்பேன் விஷயத்தில்கூட, ஈர் ஒன்று கண்ணில் பட்டாலும் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடும் விதியைப் பல பள்ளிகள் நெடுங்காலம் பிடித்துவைத்திருந்தன. பேனால் எந்தப் பெருநோயும் பரவுவதில்லை என்பதால், மற்றபடி உடல்நலத்தோடு இருக்கும் எந்தப் பிள்ளையும் பேனுக்காகப் பள்ளியை இழக்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2010-இல் அறிக்கை வெளியிட்டது. பேனைப் பெருமாளாக்கிய அந்த விதியை மாற்றச் சொல்லிப் பள்ளி முதல்வரோடும் பதறும் பெற்றோரோடும் வாதாட வேண்டிய பொறுப்பு பள்ளிச் செவிலியரின் தலையிலேயே விழுகிறது.

வார்டில் பெற்ற அனுபவம் பள்ளியில் பயனற்றுப் போகும் என்ற அச்சமும் சரியானது அன்று. அந்த அனுபவம் பள்ளியிலும் தேவைப்படுவதற்குக் காரணம் மருத்துவம் அன்று, சட்டம். அரசு நிதி பெறும் எந்த நிறுவனமும் ஊனத்தைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்கக் கூடாது என்று 1973-ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ஆம் பிரிவு விதித்தது. அதைத் தொடர்ந்து 1975-இல் வந்த சட்டம், மாற்றுத்திறனுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் கட்டணமில்லாத, தகுந்த கல்வியை அளிப்பது அரசுப் பள்ளியின் கடமை என்றும், அக்கல்வியைப் பெறத் தேவையான துணைச் சேவைகளையும் பள்ளியே தர வேண்டும் என்றும் ஆக்கியது. அந்தத் துணைச் சேவை எதுவரை நீளும் என்ற கேள்வி இரண்டு முறை உச்ச நீதிமன்றம் வரை சென்றது. முதுகுத்தண்டு பிறவியிலேயே முழுமையாக மூடாத ஸ்பைனா பிஃபிடா என்ற குறைபாடுள்ள ஒரு டெக்சாஸ் சிறுமிக்குச் சில மணி நேரத்திற்கு ஒருமுறை மெல்லிய குழாயைச் செலுத்திச் சிறுநீரை வெளியேற்ற வேண்டியிருந்தது. அதைச் செய்ய மருத்துவர் தேவையில்லை, செவிலியரோ பயிற்சி பெற்றவரோ செய்ய முடியும் என்பதால் அது பள்ளி தர வேண்டிய சேவையே என்று 1984-இல் தீர்ப்பாயிற்று. 1999-இல் ஐயோவா மாநிலத்தின் சீடர் ரேப்பிட்ஸ் பள்ளி மாவட்டம், கழுத்துக்குக் கீழே செயலிழந்து வென்டிலேட்டரின் துணையால் மூச்சுவிடும் ஒரு மாணவனுக்கு நாள் முழுவதும் செவிலியரை அமர்த்தும் செலவைத் தன்னால் தாங்க இயலாது என்று வாதிட்டது. செலவு என்பது சட்டத்தில் சொல்லப்பட்ட அளவுகோல் அன்று, மருத்துவரே செய்ய வேண்டியதா இல்லையா என்பதே கேள்வி என்று கூறி, ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் நீதிமன்றம் மாணவன் பக்கம் தீர்ப்பளித்தது.

இவற்றின் விளைவாக, முன்பு மருத்துவமனையிலோ வீட்டிலோ அடைபட்டிருந்த பிள்ளைகள் பள்ளிக்கு வந்தனர். தொண்டையில் துளையிட்டுப் பொருத்திய குழாயில் சேரும் சளியை உறிஞ்சி எடுப்பது, வயிற்றில் நேரடியாகப் பொருத்திய குழாய் வழியே உணவு செலுத்துவது, வலிப்பு வந்தால் மூக்கில் மருந்து தெளிப்பது எனத் தீவிர சிகிச்சைப் பிரிவில் பழகிய கைவேலைகள் அனைத்தும் இன்று பள்ளியின் நலவறையில் நடக்கின்றன.

ஒரே வேலை இரண்டு இடங்களில் எப்படி வேறுபடுகிறது என்பதற்கு, முதல் வகை நீரிழிவு உள்ள ஒரு பிள்ளையின் மதிய உணவு நேரம் நல்ல சான்று. கணையம் இன்சுலினைச் சுரக்காததால் வாழ்நாள் முழுவதும் இன்சுலினை வெளியிலிருந்து ஏற்றிக்கொள்ள வேண்டிய நிலை அது. வார்டில் மருத்துவர் எழுதிய அளவைக் கணினி காட்டும், மருந்தகம் சரிபார்க்கும், பல இடங்களில் இன்னொரு செவிலியரும் சிரிஞ்சைப் பார்த்துத் தலையசைப்பார், உணவுத் தட்டு அளந்து வரும். பள்ளியில், மணி அடிக்கச் சில நிமிடங்களே இருக்கும்போது பிள்ளை ஓடி வருகிறது. கையில் ஒட்டியிருக்கும் சென்சார் சர்க்கரை அளவு 220 என்று காட்டுகிறது. தட்டில் இன்று ஒரு துண்டு பீட்சாவும் ஓர் ஆப்பிளும் ஒரு சிறு பால் பாக்கெட்டும் சேர்ந்து 60 கிராம் மாவுச்சத்து என்று வைத்துக்கொண்டால், 15 கிராமுக்கு 1 யூனிட் என்ற மருத்துவரின் கணக்குப்படி உணவுக்கு 4 யூனிட்; சர்க்கரை 120-இல் இருக்க வேண்டும், 50 கூடினால் 1 யூனிட் சேர்க்கவும் என்று எழுதியிருந்தால் அதற்கு 2 யூனிட்; ஆக 6. கணக்கு இவ்வளவுதான், ஆனால் வேலை இங்கே முடிவதில்லை. அடுத்த பாடவேளை விளையாட்டு என்றால், ஓட்டத்தில் சர்க்கரை தானே இறங்கும். பீட்சா பிடிக்காமல் பாதியைக் குப்பையில் போட்டுவிட்டால், ஏற்றிய இன்சுலினுக்கு ஈடான உணவு உள்ளே போயிராது. சற்று நேரத்தில் பிள்ளை வியர்த்துக் கை நடுங்கி எரிச்சலோடு பேசினால், அதைச் சேட்டை என்று ஆசிரியர் எண்ணிவிடாமல், 70-க்குக் கீழே இறங்கிய சர்க்கரை என்று கண்டுகொண்டு 15 கிராம் சர்க்கரை உள்ள சாற்றைக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். அதைக் கண்டுகொள்ள ஆசிரியருக்குக் கற்றுக் கொடுத்திருக்க வேண்டியவரும், விளையாட்டுக்கு முன் அளவைக் குறைக்கலாம் என்ற அனுமதியை மருத்துவரிடமிருந்து முன்கூட்டியே எழுத்தில் வாங்கி வைத்திருக்க வேண்டியவரும் அந்தச் செவிலியரே.

இவ்வாறு முன்கூட்டியே எழுதி வைப்பதற்குத் தனித்தனி ஆவணங்கள் உண்டு. நாள்பட்ட நோயுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் செவிலியர் வகுக்கும் தனிநபர் பராமரிப்புத் திட்டம் ஒன்று. அவசர வேளையில் யார் என்ன செய்ய வேண்டும் என்று ஒரே பக்கத்தில் சொல்லும் அவசரத் திட்டம் மற்றொன்று. பின்னதை எழுதுவதில் வார்டுச் செவிலியர்கள் முதலில் தடுமாறுவது வழக்கம், ஏனெனில் அவர்களுக்குப் பழகியது மருத்துவர் படிக்கும் மொழி. சயனோசிஸ் என்று எழுதினால் உடற்பயிற்சி ஆசிரியருக்குப் புரியாது. உதடு நீலமாகிறது, வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்குகிறது, விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளிழுக்கிறது என்று, கண்ணால் பார்த்தாலே தெரியும்படி எழுத வேண்டும். பிள்ளையின் மருத்துவச் செய்திகளை யாரிடம் சொல்லலாம் என்பதிலும் சட்டம் வேறு: மருத்துவமனையை 1996-ஆம் ஆண்டின் மருத்துவத் தனியுரிமைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது, அரசுப் பள்ளியில் இருக்கும் நலப் பதிவேடுகளோ பெரும்பாலும் 1974-ஆம் ஆண்டின் கல்விப் பதிவேட்டுத் தனியுரிமைச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அச்சட்டம், பாடம் நடத்துவதற்கு எது தேவையோ அதை மட்டும் ஆசிரியருக்குத் தெரிவிக்க இடம் தருகிறது. பெற்றோருக்குப் பதிவேட்டைப் பார்க்கும் உரிமையையும் தருகிறது.

அவசர நிலைகளில் வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. வேர்க்கடலை போன்ற ஓர் உணவுக்கு உடல் மிகையாக எதிர்வினையாற்றி, தடிப்பும் வாந்தியும் தொண்டை அடைப்பும் இரத்த அழுத்த வீழ்ச்சியும் சேர்ந்து வருவதை அனஃபிலாக்சிஸ் என்பர். சில நிமிடங்களில் எபிநெஃப்ரின் ஊசி போடாவிட்டால் உயிருக்கே ஆபத்து. தொடையின் வெளிப்புறத்தில், உடையின் மேலேயே அழுத்திப் போடும்படி அமைந்த தானியங்கி ஊசியில், 15 முதல் 30 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 0.15 மி.கி., அதற்கு மேல் 0.3 மி.கி. என்று அளவு உள்ளது. ஒவ்வாமை இருப்பதே அதுவரை தெரியாத பிள்ளைக்கும் பயன்படும் வகையில், குறிப்பிட்ட மாணவர் பெயரில் இல்லாத பொது ஊசியைப் பள்ளிகள் வைத்திருக்க மாநிலங்களை ஊக்குவிக்கும் கூட்டாட்சிச் சட்டம் 2013 நவம்பரில் கையெழுத்தாயிற்று. ஊசியைப் போட்ட பின் ஆம்புலன்ஸ் வரும்வரை செவிலியரின் பக்கத்தில் நிற்கப்போவது அலுவலக எழுத்தரும் துப்புரவுப் பணியாளரும்தான். அவர்களுக்கு அன்று என்ன செய்யத் தெரியும் என்பது கல்வியாண்டின் தொடக்கத்தில், செப்டம்பரில், செவிலியர் நடத்திய அரைமணி நேரப் பயிற்சியைப் பொறுத்தது.

செவிலியர் அல்லாத ஒருவரிடம் மருத்துவ வேலையை ஒப்படைப்பது, மருத்துவமனையிலிருந்து வருபவர் மனம் எளிதில் ஏற்காத ஒன்று. எந்த வேலை, எந்தச் சூழலில், யாரிடம், எத்தகைய அறிவுறுத்தலோடு, எப்படிப்பட்ட மேற்பார்வையில் ஒப்படைக்கப்படுகிறது என்ற ஐந்தையும் சரிபார்த்த பின்பே அதைச் செய்யலாம் என்று செவிலியத் துறை விதி வகுத்துள்ளது. எதை ஒப்படைக்கலாம் என்பதில் மாநிலங்களின் சட்டங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. கலிபோர்னியாவில் செவிலியர் சங்கங்கள், இன்சுலினைச் செவிலியர் மட்டுமே போட வேண்டும் என்று நீதிமன்றம் சென்றன; பயிற்சி பெற்ற பள்ளி ஊழியரும் பெற்றோரின் சம்மதத்தோடும் மருத்துவரின் எழுத்தாணையோடும் போடலாம் என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்தது. செவிலியர்களின் கவலை நியாயமானதே; ஆனால் செவிலியரே இல்லாத பள்ளியில் நீரிழிவுள்ள பிள்ளை படிக்க வேண்டாமா என்ற பெற்றோரின் கேள்விக்கு அந்தக் கவலையில் பதில் இல்லை.

கருவிகளும் மருந்துகளும் இப்படியிருக்க, பள்ளிச் செவிலியரின் நாளில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்வது வயிற்றுவலிதான். இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இல்லாத அறையில், எதிரே நிற்கும் பிள்ளையை வகுப்புக்குத் திருப்பி அனுப்புவதா, பெற்றோரை வரச் சொல்வதா, அவசர உதவி எண்ணான 911-ஐ அழைப்பதா என்ற மூன்றில் ஒன்றை அவர் சில நிமிடங்களில் முடிவு செய்தாக வேண்டும். தொப்புளைச் சுற்றித் தொடங்கி வலது அடிவயிற்றுக்கு நகர்ந்த வலியா, காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, ஒற்றைக் காலில் குதித்துக் காட்டச் சொல்வது அனுபவமுள்ளவர்கள் கையாளும் எளிய வழி. குடல்வால் அழற்சி உள்ள பிள்ளை பெரும்பாலும் குதிக்க மறுக்கும், அல்லது ஒரு முறை குதித்து வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். சிரித்துக்கொண்டே குதிக்கும் பிள்ளையிடம் அடுத்த கேள்வி, காலையில் என்ன சாப்பிட்டாய் என்பது. ஒன்றும் சாப்பிடவில்லை என்ற பதில் வருவதும் உண்டு. பிஸ்கட்டும் பாலும் கொடுத்ததும் வலி நின்றுவிடும். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் கணக்குப் பாடவேளையில் மட்டும் வரும் வலியும், பெற்றோர் பிரிந்து வாழத் தொடங்கிய மாதத்தில் தொடங்கிய வலியும், திங்கட்கிழமை காலையில் மட்டும் வரும் வலியும் வேறு வேறு செய்திகளைச் சொல்கின்றன. வருகைப் பதிவேட்டில் தேதியையும் நேரத்தையும் காரணத்தையும் ஒழுங்காக எழுதி வருபவருக்கே அந்தச் செய்தி தெரியும். பிள்ளை வீட்டில் துன்புறுத்தப்படுவதாக நியாயமான ஐயம் எழுந்தால், உறுதியான ஆதாரத்திற்குக் காத்திராமல் குழந்தைப் பாதுகாப்புத் துறைக்குத் தெரிவிப்பது சட்டப்படி அவருடைய கடமையாகும்.

பதிவேட்டில் தென்படும் ஒழுங்கின் மதிப்பை நாடே கண்ட ஒரு நிகழ்வு 2009 ஏப்ரலில் நடந்தது. நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் உள்ள செயின்ட் பிரான்சிஸ் பிரிபரேட்டரி பள்ளியின் செவிலியர் மேரி பாப்பாஸ், காய்ச்சலும் தொண்டை வலியும் தலைவலியுமாகத் தம் அறைக்குத் திரண்டு வந்த மாணவர்களைக் கண்டு, வழக்கமான பருவக் காய்ச்சல் என்று விட்டுவிடாமல் நகரச் சுகாதாரத் துறைக்குத் தொலைபேசியில் தெரிவித்தார். எச்1என்1 என்ற புதிய இன்ஃபுளுவென்சா அமெரிக்காவில் கூட்டமாகப் பரவத் தொடங்கியது அப்படித்தான் முதலில் வெளிச்சத்துக்கு வந்தது. தனித்தனியே பார்த்தால் அந்த மாணவர்களில் எவரும் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டிய அளவு நோயுற்றவராகத் தோன்றியிருக்கமாட்டார். ஒரு கட்டிலில் ஒரு நோயாளி என்று பார்க்கும் கண்ணுக்கும், ஒரு பள்ளி முழுவதையும் ஒருசேரப் பார்க்கும் கண்ணுக்கும் உள்ள வேறுபாடு இதில் தெரிகிறது.

இவ்வளவு பொறுப்பும் சுமத்தப்பட்ட பணிக்கு ஆட்கள் போதுமான அளவில் இல்லை. 750 மாணவர்களுக்கு ஒரு செவிலியர் என்ற விகிதம் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு வந்தது. பிள்ளைகளின் நோய்த்தன்மையைக் கணக்கில் கொள்ளாத ஒற்றை எண் போதாது, வேலைப்பளுவை வைத்தே முடிவு செய்ய வேண்டும் என்று தேசியப் பள்ளிச் செவிலியர் சங்கம் பின்னர் தன் நிலையை மாற்றிக்கொண்டது. ஒவ்வொரு பள்ளியிலும் முழுநேரமாகப் பதிவு பெற்ற செவிலியர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று குழந்தை மருத்துவர் கழகம் 2016-இல் பரிந்துரைத்தது. ஆனால் 2018-இல் வெளியான ஒரு தேசிய ஆய்வின்படி, முழுநேரச் செவிலியர் உள்ள பள்ளிகள் சுமார் 39 விழுக்காடு, பகுதிநேரமாக உள்ளவை 35 விழுக்காடு, சம்பளம் பெறும் செவிலியரே இல்லாதவை 25 விழுக்காடு. பகுதிநேரம் என்பதன் பொருள் பெரும்பாலும், ஒரே செவிலியர் இரண்டு மூன்று பள்ளிகளுக்குக் காரில் அலைவதாகும். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பள்ளி நலத் திட்டத்தை ஆராய்ந்து 2014-இல் வெளியான ஒரு கட்டுரை, செவிலியருக்காகச் செலவிடும் ஒவ்வொரு டாலருக்கும் 2.20 டாலர் சமூகத்துக்கு மிச்சமாகிறது என்று கணக்கிட்டது. மிச்சத்தில் பெரும்பகுதி, வேலையை விட்டு ஓடி வராத பெற்றோருக்கும் பாடத்தை விட்டு நலவறைக்கு ஓடாத ஆசிரியருக்கும் உரியது. செலவோ பள்ளி மாவட்டத்தின் கணக்கில் விழுகிறது. நிதி நெருக்கடி வரும்போது செவிலியர் பணியிடம் முதலில் கத்தரிக்கப்படுவதன் சூட்சுமம் இதில்தான் உள்ளது.

இந்தியாவில் 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்ற திட்டத்தின்கீழ், நடமாடும் மருத்துவக் குழுக்கள் அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை வந்து பிள்ளைகளைப் பரிசோதித்துச் செல்வதைத் தமிழகப் பெற்றோர் அறிவர். குறைபாட்டைக் கண்டுபிடிக்க அது உதவும். நாள்தோறும் மதியம் இன்சுலின் தேவைப்படும் பிள்ளைக்கு, வண்டியில் வந்து போகும் குழுவால் ஆகக்கூடியது மிகக் குறைவு.

அமெரிக்காவில் பள்ளிப் பணிக்கு மாற விரும்பும் செவிலியர் நிறைவேற்ற வேண்டிய முறைமைகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பதிவு பெற்ற செவிலியர் உரிமம் பொதுவானது. பல இடங்களில் செவிலியத்தில் இளங்கலைப் பட்டமும் கேட்பர். கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் ஆசிரியர்களுக்கு உள்ளதைப் போலத் தனிச் சான்றிதழ் வேண்டும்; முதலில் ஐந்தாண்டுக்குத் தற்காலிகமாகக் கொடுத்து, அதற்குள் பல்கலைக்கழகப் படிப்பை முடித்தால் நிலைப்படுத்துவர். தேசிய அளவிலான தேர்வெழுதிப் பெறும் சான்று விருப்பத்தைப் பொறுத்தது. மருத்துவமனை வேலையை விடுமுன் பள்ளிப் பணியின் சுவையை அறிய விரும்புவோர், விடுப்பில் சென்ற செவிலியருக்கு மாற்றாகச் சில நாள்கள் பணியாற்றிப் பார்ப்பதுண்டு. மறுபுறம், கைப்பழக்கம் போய்விடாமலிருக்கக் கோடை விடுமுறையில் மருத்துவமனையில் தினக்கூலி ஷிப்டு செய்வோரும் உண்டு. இரத்தக் குழாயில் ஊசி ஏற்றுவதும் இதயத் துடிப்பு மானிட்டரைப் படிப்பதும் சில ஆண்டுகளில் மங்கிவிடும் என்பதால் இந்த எச்சரிக்கை வீண் அன்று.

சம்பளம் பற்றி மழுப்பாமல் சொல்வதே முறை. இரவு ஷிப்டுக்கும் வார இறுதிக்கும் கிடைத்த கூடுதல் தொகை போய்விடும், ஓவர்டைம் போய்விடும். பல மாவட்டங்களில் ஆசிரியரின் ஊதிய அட்டவணையே செவிலியருக்கும் பொருந்துவதால், படிப்பும் பணி ஆண்டுகளும் கூடினால்தான் படி ஏறும், மருத்துவமனை அனுபவத்தை எத்தனை ஆண்டாகக் கணக்கிடுவர் என்பதை முன்பே கேட்டு எழுத்தில் வாங்காவிட்டால் முதல் படியிலேயே நிற்க நேரும். பத்து மாத வேலைக்கான சம்பளத்தைப் பன்னிரண்டு மாதங்களாகப் பிரித்துத் தரும் ஏற்பாடு உள்ள இடத்தில் கோடைக்காலம் சிரமமின்றிக் கழியும். ஆசிரியர் ஓய்வூதியத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளும் இடங்களில், நீண்ட காலம் நிலைப்பவருக்கு இழப்பு ஓரளவு ஈடாகிறது. சில பள்ளிகளில் செவிலியரை அமர்த்துவது பள்ளி மாவட்டமாக இராமல் மாவட்டச் சுகாதாரத் துறையாகவோ ஒரு மருத்துவமனையாகவோ இருக்கும்; அங்கெல்லாம் இந்தக் கணக்குகள் வேறு.

அன்றாட நிர்வாகத்தில் மேலதிகாரி பள்ளி முதல்வர் என்பதும் பழகிக்கொள்ள வேண்டிய ஒன்று. அவர் நல்லவராயினும் செவிலியம் அறியாதவர். மருத்துவ முடிவில் தவறு நேர்ந்தால் உரிமத்தை இழக்கப்போவது அவர் அல்லர். ஆகவே நேர்காணலில் கேட்க வேண்டிய கேள்விகளைத் துறையில் மூத்தவர்கள் தெளிவாகவே சொல்கின்றனர்: எத்தனை பள்ளிகள், எத்தனை மாணவர்கள், அவர்களில் இன்சுலின் தேவைப்படுவோரும் குழாய் வழி உணவு பெறுவோரும் எத்தனை பேர், சந்தேகம் வந்தால் தொலைபேசியில் அழைக்க மாவட்டத்தில் மூத்த செவிலியர் ஒருவர் இருக்கிறாரா என்பவை அவை. இவற்றோடு, செவிலியர் காய்ச்சலில் படுத்துவிட்ட நாளில் நீரிழிவுள்ள பிள்ளைக்கு மதியம் யார் ஊசி போடுவார் என்றும் கேட்க வேண்டும். மாற்றுச் செவிலியர் பட்டியல் ஒன்றை எடுத்துக் காட்டும் பள்ளியும் உண்டு. எழுத்தர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகும் பள்ளியும் உண்டு.